குறும்பொறைக் கோட்டையின் அணைந்த விளக்கு

இந்தக் காலத்து மனிதர்களிடம் பொறுமை என்பது மருந்துக்கும் இல்லை! பால் பொங்குமுன் இறக்குகிறார்கள்; சிதை ஆறுமுன் பட்டத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். குறும்பொறைக் கோட்டையின் நீர்வாயில் தலைவர் ஏனாதி பூதர் அந்தி வேளையில் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தது இதைத்தான்.

கீழ்வானில் எழுந்த முழுநிலவு பெண்ணையாற்றின் அலைகளில் வெள்ளியை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தது. கரையோர மருத மரங்களில் கொக்குகள் இடம் பிடிக்கச் சண்டையிட்டன. அந்த எழிலில் ஒரு துளிகூடப் பூதரின் கண்ணில் படவில்லை. வாயிலுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்த படகையே அவர் முறைத்துக்கொண்டிருந்தார்.

அன்பார்ந்த வாசகர்களே, அந்தப் படகு வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். பன்னிரண்டு நாட்களுக்கு முன் எல்லைப் போருக்குப் புறப்பட்ட கோட்டையின் மன்னர், ஐந்து நாட்களுக்கு முன் களத்தில் மாண்டார். அரசி குணவதி நங்கை கருவுற்றிருந்தால் அரியணை அந்தக் கருவுக்காகக் காத்திருக்கும். மாதவிலக்காகிவிட்டாலோ மறுநாள் காலையே மன்னரின் தம்பி கட்டிமாறனுக்குப் பட்டம், அரசிக்கு அக்கரைத் தவப்பள்ளியில் ஆயுள் முழுதும் சிறை. சபையின் தீர்ப்பு அது. அரசி விலக்காகும் நாட்களில் மேன்மாடத்து விளக்கை அணைத்து வைப்பது அக்கோட்டையின் வழக்கம். அன்று மாலை மேன்மாடம் இருண்டு கிடந்தது; அரசியை அக்கரைக்கு ஏற்றிச் செல்லப் படகும் வந்துவிட்டது.

"கதவைத் திறக்காதீங்க ஏனாதியாரே!"

மூச்சிரைக்க ஓடிவந்தவள் அரண்மனை வண்ணாத்தி ஐயாறி. அவள் பின்னே முக்காடிட்ட ஒரு பெண் தயங்கி நின்றாள்.

"விளக்கு அணைஞ்சாச்சு. சபை சொன்னதை நான் செய்யறேன். நீ போய்த் துணி துவை!" என்று சீறினார் பூதர்.

"அணைக்கச் சொன்னது யாரு? நானா?"

பூதரின் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது. அரசியின் துணி வண்ணாத்தியின் கைக்கு வந்து, அவள் வாய்திறந்து சொன்ன பிறகே விளக்கை அணைக்க வேண்டும். மூன்று தலைமுறையாக இருந்துவரும் கட்டு அது.

"தாதி ஒருத்தி சேலையிலே ரெண்டு கறையைப் பார்த்தாளாம், கட்டிமாறர்கிட்ட ஓடினாளாம், அவர் விளக்கை அணைக்கச் சொன்னாராம். ஆறு வருசமா நங்கையார் துணியை அலசறவ நான். என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"இரத்தம்னா இரத்தம்தானே? அதிலே என்னடி ரகம்?"

"களத்திலே கீறலும் வெட்டும் உமக்கு ஒண்ணா?" ஐயாறி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "நங்கையாருக்கு விலக்கு வந்தா அஞ்சு நாள். முதல் ரெண்டு நாள் பொழுதுக்குள்ளே மூணு துணி நனையும், கருஞ்சிவப்பா, கட்டிகட்டியா. இது நேத்துக் காலையிலே வெளுத்த சிவப்பா நகத்தளவு ஒரு பொட்டு. இன்னிக்குக் காலையிலே பாக்குச்சாயம் மாதிரி இன்னொண்ணு. அதோட சரி. ஒரு துணிகூட நனையலே. கரு வயித்திலே ஒட்டற நாள்லே சில பேருக்கு இப்படிக் காட்டும். நானே ரெண்டு தடவை கண்டிருக்கேன்."

"அப்போ கருதான்னு சத்தியம் பண்ணு!"

"பண்ண மாட்டேன். கறையைப் பார்த்து யாரும் சத்தியம் பண்ண முடியாது. விலக்கே சில மாசம் இப்படிக் கொஞ்சமா வந்து ஏமாத்தும். வலியெடுத்து அதிகமாப் போனா அது வேற ஆபத்து, மருத்துவச்சியைக் கூப்பிடணும். நாள் தள்ளிப்போகுதான்னு பொறுத்துப் பார்த்தாத்தான் தெரியும். அந்தப் பொறுமைதானே இங்கே எவனுக்கும் இல்லே!"

"இதுக்கா இவ்வளவு தூரம் ஓடிவந்தே? தெரியாதுன்னு சொல்லவா?"

முக்காடு விலகியது. நிலவொளியில் வெளிறித் தெரிந்த அந்த முகத்தைக் கண்டதும் பூதரின் முழங்கால்கள் தாமாகவே மடிந்தன. குணவதி நங்கை!

"எழுந்திருங்கள், ஏனாதியாரே. எனக்கு விலக்கு நாள் வர இன்னும் மூன்று நாட்கள் இருக்கின்றன. கரு இருக்கிறதென்று நானும் சொல்லவில்லை. இல்லையென்று சொல்ல அவர்களுக்கு என்ன உரிமை? இன்று அப்படகில் ஏறிவிட்டால், நாளை எனக்கு ஒரு மகன் பிறந்தாலும் அவன் தவப்பள்ளியில் கிடைத்த அனாதை. அதைத்தான் உம்மிடம் சொல்ல வந்தேன்."

அப்போது படகிலிருந்து கட்டிமாறனின் தூதன் குரல் கொடுத்தான்: "என்ன கிழவரே, தாழ்ப்பாள் துருப்பிடிச்சுப் போச்சா, இல்லை உம்ம கைதான் துருப்பிடிச்சுதா?"

பூதரின் முகம் கனன்றது. தாழ்ப்பாளின் மேல் குறுக்கு மரத்தையும் தூக்கிப் போட்டார். கோட்டைச் சுவரே அதிர்ந்தது. இடைவாளை உருவி நெற்றியில் ஒற்றிக்கொண்டு முழங்கினார்:

"அடுத்த முழுநிலவு எழும்வரை இந்த வாயில் வழியா அரசியார் வெளியே போக மாட்டார். விளக்கை அணைச்சது முறைகெட்ட கை. முறைகெட்ட உத்தரவுக்கு இந்தப் பூதன் கதவு திறக்க மாட்டான். இது என் வாள்மேல் ஆணை! உன் எசமானிடம் போய்ச் சொல்லடா!"

வெளியே துடுப்புகள் கோபமாக நீரை அறைந்தன. அரசியின் கண்கள் நிறைந்தன.

"என்னை நம்பினீரே, ஏனாதியாரே!"

"நம்பவா?" பூதர் வாளை உறைக்குள் ஓங்கித் தள்ளினார். "நான் யாரையும் நம்பலே அம்மணி. வெளுத்த சிவப்பாம், பாக்குச்சாயமாம்! காவலைத்தான் ஏத்துக்கிட்டேன், கதையை இல்லே."

சொல்லிவிட்டு மதில் படிகளில் தடதடவென்று ஏறத் தொடங்கினார். "அம்மணியை உள்ளே கூட்டிப் போய்ப் படுக்க வை" என்று ஐயாறியைப் பார்க்காமலே உறுமியவர், திரும்பாமல், தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே மதில் நிழலுக்குள் நடந்து போனார்.