அட்டையில் விழாத குண்டு

இந்தக் காலத்துப் பயல்களுக்கு முகத்தில் கண் இருப்பதே மறந்துவிட்டது. துப்பாக்கிமேல் ஒரு குழாயைப் பூட்டி அதற்குள் பார்த்தால்தான் கொக்கோ தின்கிற அணில்கூடத் தெரியும் என்கிறார்கள். இஞ்ஞாசிமுத்து முணுமுணுத்துக்கொண்டே மருமகன் டெஸ்மண்டின் கையிலிருந்து காற்றுத் துப்பாக்கியை வாங்கினார். டப்பாவில் பாதிக் குண்டு தீர்ந்தாயிற்று. குறிவைத்த அட்டையில் ஓர் ஓட்டைகூட இல்லை.

அட்டையை அந்த மரத்தில் அடிக்கச் சொன்னது அவர்தான். எழுபத்தாறாம் வருஷம், பால் வெட்டும் தொழிலாளி முருகையா பால் எடுக்கும்போது சுருண்டு விழுந்து செத்த ரப்பர் மரம். அதன்பிறகு புக்கிட் செலம்பாவ் தோட்டத்தில் எவரும் அதில் கத்தி வைக்கவில்லை, பால் பிடிக்கும் மங்கு கட்டவில்லை. சும்மா நிற்கிற மரம். ஆணி அடித்தால் யாருக்கு நட்டம்?

மழை விட்டிருந்தது. இலைகளிலிருந்து நீர் சொட்டும் சத்தத்துக்கும், கொட்டகைப் பக்கமிருந்து வந்த புளித்த பாலின் நாற்றத்துக்கும், நிரைகளுக்கு நடுவே மெல்லத் தடித்துவந்த மங்கலுக்கும் ஊடே, ஒவ்வொரு முறை விசை இழுத்த பிறகும் கேட்ட அந்தச் சத்தம் அவர் காதைவிட்டுப் போகவில்லை. மரத்தில் பட்டால் ‘டக்’. இது ‘தொப்’. நனைந்த சாக்கில் படுவதுபோல.

“திருகு ஆடுதாடா?”

“இறுக்கிட்டேன் மாமா. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் எல்லாம் திருப்பிப் பார்த்தாச்சு லா.”

மேலிருந்த குழாயை, அந்த ஸ்கோப்பைக் கழற்றச் சொன்னார். துப்பாக்கியின் இரும்புக் குறியை வைத்தே சுட்டார். ‘டக்.’ அட்டை நடுவில் ஓட்டை.

“பார்த்தியா? ஒன் கண்ணாடிதான் சொத்த.”

“சரி மாமா, அட்டைய எடுத்துட்டு வர்றேன். பேட்ரிசியா தனியா இருக்கா.”

மகளுக்கு நிறைமாதம். டெஸ்மண்ட் மரத்தை நோக்கி நடந்தான். சொத்தை எங்கே என்று பார்க்க, இஞ்ஞாசிமுத்து ஸ்கோப்பைக் கண்ணில் வைத்தார்.

அட்டை தெரியவில்லை. முன்னால் ஓர் ஆள், இடுப்பில் பால் வெட்டும் கத்தி. நெஞ்செல்லாம் பொத்தல்.

இறக்கினார். மரம். அட்டை. டெஸ்மண்ட் மட்டும்.

மறுபடி வைத்தார். ஆள். டெஸ்மண்டிடம் கையை நீட்டிக்கொண்டு.

“டேய்! வாடா!”

வந்தான். உள்ளங்கையை விரித்தான். நசுங்கிய ஈயக்குண்டுகள். ஈரமாக.

“கீழ கெடந்துச்சா?”

“இல்ல மாமா. அவரு குடுத்தாரு. பேட்ரிசியாவுக்கு எப்பன்னு கேட்டாரு. பிள்ளைய பார்க்க வர்றாராம்.”

இஞ்ஞாசிமுத்து ஸ்கோப்பை வடிகாலில் எறிந்தார். கண்ணாடி சொத்தை. பயல் விளையாடுகிறான். வேறென்ன?

வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார். வளைவில் ஒருமுறை திரும்பினார்.

லாரி போகிற அகலப் பாதை, நடுவில் யாருமில்லை. டெஸ்மண்ட் அதன் ஓரத்தில், முழங்கால் நனையப் புல்லுக்குள் வந்துகொண்டிருந்தான்.

நடிக்கிறான் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். பின்னால் டெஸ்மண்ட் இன்னும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டான்.