நாலு மணி வண்டிக்கு முன்னால்

விடுமுறை விட்ட மூன்றாம் நாள் மத்தியானம், பழைய வேதியியல் கட்டடத்தின் பின்கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே போனாள்.

மாணவர்களுக்கு அவள் ‘பார்சல் மேடம்’. அமிலமோ, விஷமோ, நோய்க்கிருமியோ, எது அந்தப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே போனாலும் அவள் கைபடாமல் வாசலைத் தாண்டாது. வேலைக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. முன்னால் இருந்தவர் போய்விட்டார் என்று ஆபீசில் சொன்னார்கள். வேறு நல்ல வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஒரே ஒரு பெட்டி. நோய் தொற்றிய ரத்தம் ஒன்பது குப்பிகளில் இருந்தது. அதை வேறொரு ஊரின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். நாலு மணிக்கு வண்டி வரும். இந்த வேலையை இரண்டு பேராகத்தான் செய்ய வேண்டும் என்பது விதி. இரண்டாவது ஆள் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருந்தான். அவளுக்குப் போக ஊரில்லை. அம்மா போனபிறகு அண்ணன் வீடு ஒன்றுதான். அவன் வரச்சொன்னபோது, “வேலை இருக்கு, பார்க்கலாம்” என்றாள். அவன் மறுபடி கூப்பிடவில்லை.

குப்பிகளைப் பஞ்சில் சுற்றினாள். தகர டப்பாவில் அடுக்கி மூடியைத் திருகினாள். டப்பாவைச் சுற்றிப் போட டிரை ஐஸ் வேண்டும். ஐஸ்காரர் காலையிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். முற்றத்தில் தேடினாள், இல்லை. வெயிலுக்குப் பயந்து மனுஷன் அதைக் குளிரறைக்குள் தள்ளிவிட்டிருக்கிறார்.

டிரை ஐஸ் உருகித் தண்ணீராகாது. காற்றாகிப் போகும். அந்தக் காற்று கனமானது, தரையோடு படியும், கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. மூடிய அறையில் அது நிறைந்துவிட்டால் மூச்சுக்கு இடமிருக்காது.

குளிரறைக் கதவை அகலத் திறந்து மரக்கட்டை ஒன்றை அண்டக்கொடுத்தாள். பத்து நிமிஷம் வெளியே நின்றாள். போதும் என்று தோன்றியது. உள்ளே போய்த் தொட்டியை இழுத்துவர இரண்டே நிமிஷம்.

தொட்டியின் கைப்பிடியைக் குனிந்து பிடித்தபோது, பின்னால் கட்டை நகரும் சத்தம் கேட்டது.

திரும்புவதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

உள்பக்கத்துக் குமிழைத் திருகினாள். அது கையோடு வந்தது. தோளால் இடித்தாள். கத்தினாள். குளிர்பதன யந்திரம் தன்பாட்டுக்கு ரீங்கரித்தது. கைப்பேசி வெளியே மேசைமேல் கிடந்தது.

தலை வலிக்க ஆரம்பித்தது. மூச்சு குட்டை குட்டையாக வந்தது. கீழே உட்காரக்கூடாது என்று தெரியும். ஆனாலும் சுவரோடு சரிந்தாள்.

“உட்காராதீங்க.”

குரல் அறைக்குள்ளிருந்துதான் வந்தது.

மூலையில், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, கனத்த மேல்கோட்டு போட்ட ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோட்டின் மடிப்பெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது.

“யா... யாரு?”

“கத்தாதீங்க. காத்து வீணாப்போகும்.” ஓடிக் களைத்தவர் போல ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். “உங்களைத் தேடி யார் வருவாங்க?”

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

“அண்ணன்...”

“நீங்க இங்க இருக்கிறது அவருக்குத் தெரியுமா?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

“அப்போ எட்டு நாளாகும்.”

அதில் கேலி இல்லை. பட்டவன் சொல்லும் கணக்கு போல இருந்தது.

அவர் மெல்ல எழுந்தார்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காலடி ஓசையே இல்லை. குளிர் மட்டும் அவளைத் தாண்டிக் கதவுப்பக்கம் போயிற்று. அதற்கப்புறம் எதுவும் நினைவில்லை.

கண் விழித்தபோது முற்றத்தில் வெயிலில் கிடந்தாள். வண்டி டிரைவர் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“மேடம்! மேடம்! நல்லா மூச்சை இழுங்க. எம்மா, என் உயிரே போச்சு.”

“மணி... நாலாயிடுச்சா?”

“மூணேகால்தான். போன் வந்ததும் விழுந்தடிச்சு வந்து, கதவைத் திறந்து உங்களை வெளிய இழுத்துப் போட்டேன்.”

“யாரு போன்?”

“உங்க ரூம் நம்பர்தான். யாரோ ஒருத்தர், ‘ஆள் உள்ள மாட்டிக்கிச்சு, இப்பவே வாங்க’ன்னார். மூச்சு வாங்கிட்டே பேசினார். எங்க அவரு?”

“என்னைத் தவிர யாருமே இல்லையே.”

டிரைவர் கட்டடத்தைப் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று பார்வையை மாற்றிக்கொண்டார்.

“உங்களுக்கு யாரும் சொல்லலையா? உங்களுக்கு முன்னால இருந்தவர் போனது அந்தக் குளிரறைலதான். போன வருஷம், இதே லீவுல. தனிக்கட்டை. காணோமேன்னு கேக்க ஆளில்ல. காலேஜ் திறந்த அன்னிக்குத்தான் பார்த்தாங்க.”

“எத்தனை நாள் கழிச்சு?”

“எட்டு நாள்.”

பெட்டியை முற்றத்திலேயே கட்டினாள். மூச்சை அடக்கிக்கொண்டு டிரைவர் ஐஸ் தொட்டியை இழுத்துவந்து கொடுத்தார். அவரே அன்றைக்கு இரண்டாவது ஆளானார். எச்சரிக்கைச் சீட்டு கோணலாக ஒட்டிக்கொண்டது. உரித்து நேராக ஒட்டினாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, அங்கேயே படியில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். அழுகை முந்திக்கொண்டது.

“ஏண்டி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?” என்று அவனும் அழுதான். விடிவதற்குள் காரோடு வந்து நின்றான்.

அவள் அந்தக் கட்டடத்துக்கு மறுபடி போகவில்லை. அண்ணன் ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை கிடைத்தது. எட்டுப் பேர் வேலை செய்யும் அறை. எந்நேரமும் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அண்ணி மதியத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். பத்து நிமிஷம் தாமதமானால் அண்ணன் போன் செய்தான். அந்த நச்சரிப்பு அவளுக்கு இனித்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுவரோரத்து போன் அடித்தது. கை கழுவியிருந்தவள் அவள்தான். அண்ணனாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

முதலில் ஒரு யந்திரத்தின் ரீங்காரம். காதோரம் சில்லிட்டது.

பிறகு, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தக் குரல் கேட்டது.

“என்னை... யாராச்சும்... கேட்டாங்களா?”