நான்கு டயர், நான்கு எலுமிச்சை

சனிக்கிழமை, காலை 11.12.

மலேசியாவின் ராசா ஊரில், பெரிய சாலையை ஒட்டி இருக்கும் சிவானந்தத்தின் வொர்க்‌ஷாப்புக்குள் ஒரு வெள்ளைக் காரை நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இருபத்தேழு நிமிடத்துக்கு முன்னால் அதே கார் கைதட்டலோடு வெளியே போயிருந்தது. இப்போது பானெட்டைத் திறந்தால் கருகிய எண்ணெய் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"கொன்னுட்ட. என் காடிய கொன்னுட்ட," என்றான் காரின் சொந்தக்காரன் யுவனேஸ்வரன்.

அவன் சொன்னது ரூபினியை. இருபத்தாறு வயது. கையில் லேப்டாப், முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு மாதமாக அந்தக் காருக்கு சூப்பர்சார்ஜர் மாட்டும் வேலை எல்லாம் அவள்தான் செய்தாள். சூப்பர்சார்ஜர் என்பது பெல்ட்டில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். எப்போது எவ்வளவு என்று காரின் கம்ப்யூட்டருக்குப் புதுக் கணக்கு எழுதித் தர வேண்டும். அந்தக் கணக்குக்குப் பெயர் மேப். அதை எழுதுவதுதான் டியூனிங். ரூபினிக்கு அதில் நல்ல கை.

சுவரோரம் காகிதம் சுற்றிய பலகை ஒன்று சாய்ந்திருந்தது. 'ரூபினி டியூனிங்' என்று எழுதியிருக்கும். திங்கட்கிழமை மாட்டுவதாக ஏற்பாடு. அதை நம்பி அவள் ரவாங் ஃபேக்டரி வேலைக்கு ராஜினாமாக் கடிதமும் கொடுத்துவிட்டாள்.

யுவனேஸ்வரன் போனை நீட்டினான். "எங்க காடி கிளப் குரூப்ல இருநூறு பேரு இருக்காங்க. மேப் தப்புன்னு நீயே ஒத்துக்கிட்டு எழுதிக் குடு. பன்னெண்டு மணி வரைக்கும் டைம். இல்லாட்டி நானே போட்டுடுவேன்."

அவன் போட்டுவிட்டால் அந்தப் பலகைக்கு விறகடுப்புதான் கதி. எல்லாருக்கும் அது தெரிந்தது.

மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அமராவதி செய்தித்தாளை மடித்தாள். தன் காருக்கு அப்ஸாபர், அதாவது அதிர்வு தாங்கி, மாற்ற ஒன்பதே முக்காலுக்கு வந்தவள். இருபத்திரண்டு வருடமாக ரவாங்கில் கூரை ஓடு செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிறாள். உடைந்த ஓட்டைக் கையில் கொடுத்தால், எந்த அடுப்பில், எந்த ஷிஃப்ட்டில் கீறல் விழுந்தது என்று சொல்லிவிடுவாள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவாள். அதனால்தான் அவளுக்குத் தோழிகள் குறைவு.

"பன்னெண்டுக்கு இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு," என்றாள். "அதுவரைக்கும் நான் நாலு கேள்வி கேக்கலாமா?"

"நீங்க யாருக்கா?" என்றான் யுவனேஸ்வரன்.

"அப்ஸாபருக்குக் காத்திருக்கிறவ. வேற வேல இல்ல."

11.20.

முதலில் ரூபினி.

"நேத்து இன்ஜின் நல்லா இருந்துச்சா?"

"நேத்து சாயந்தரம் நாலு மணிக்கு டெஸ்ட் பண்ணேன்க்கா. நாலு சிலிண்டர்லயும் பிரஷர் ஒரே மாதிரி. புது பிளக், புது பெட்ரோல் பம்ப், எல்லாம் போட்டாச்சு. மேப் மட்டும் ஏத்தல. இன்னிக்கிக் காலையில ஏத்தறதா பிளான்."

"ஏன்?"

"இவரு அம்மா வேலம்மா ஆன்ட்டி நல்ல நேரம் பார்த்தாங்க. இராகு காலம் முடிஞ்சு பத்தே முக்காலுக்குத்தான் ஸ்டார்ட் பண்ணணும்னாங்க."

"மேப் ஏத்தாம ஓட்டினா?"

"மெதுவா உருட்டலாம். அமுக்கினா அவ்ளோதான். காத்து நெறைய போகும், பெட்ரோல் பழைய கணக்குலதான் வரும். பத்து செகண்டு போதும், பிஸ்டன் ஒடஞ்சுரும்."

"இன்னிக்கு நீ ஓட்டினப்ப அமுக்கினியா?"

"இல்லவே இல்லக்கா. மூணுல ஒரு பங்கு மிதிக்கு மேல போகவே இல்ல. லேப்டாப்ல பதிவு இருக்கு, பாருங்க."

"லேப்டாப்ல என்ன வேணா மாத்தலாம் லா," என்றான் யுவனேஸ்வரன்.

"நேத்து ஓடுச்சான்னு காடியே காட்டாதா?" என்று அமராவதி கேட்டாள்.

ரூபினி உதட்டைக் கடித்தாள். "இன்னிக்குக் காலையில மேப் ஏத்தினப்ப பழைய பதிவு அழிஞ்சுருச்சு. ஓடின கிலோமீட்டர எழுதி வெச்சிருக்கணும். எழுதல. என் தப்புதான்."

11.27.

அடுத்து சிவானந்தம்.

"நேத்து எத்தன மணிக்குக் கடைய சாத்தினீங்க?"

"ஆறு மணிக்கு வேலம்மாக்கா பூஜ போட்டாங்க. தேங்கா ஒடச்சு, நாலு டயருக்கு முன்னாலயும் எலுமிச்சம்பழம் வெச்சாங்க. இன்னிக்கு அதுங்க மேல ஏறித்தான் காடி வெளிய போவணும், அதுக்காக. ஆறே காலுக்கு ஷட்டர இழுத்துப் பூட்டிட்டு அவங்கள நானே அம்பாங் பெச்சா வீட்டுல எறக்கி விட்டேன். யுவனேஸ்வரன் தம்பிக்கு ரவாங்ல நைட் ஷிஃப்ட், மோட்டார் சைக்கிள்ல கெளம்பிட்டாப்ல."

"கடைச் சாவி?"

"வெளிய மீட்டர் பெட்டிக்குள்ள. ஐயாவு காலையில சீக்கிரம் வந்து தொறப்பான்."

வயதான மெக்கானிக் ஐயாவு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஏழரைக்கு வந்தேன். காடி வெச்ச எடத்துலயே இருந்திச்சி. எலுமிச்சம்பழம் நாலும் பொட்டோட அப்படியே இருந்திச்சி. நான் தாண்டித்தான் போனேன், மிதிக்கக்கூடாதுல்ல."

"மீட்டர் பெட்டி விஷயம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"இங்க டீ குடிக்க வர்றவன் பூரா பேருக்கும் தெரியும்."

11.35.

அமராவதி வாசல் பக்கம் போய்க் குந்தினாள். காலையில் கார் நின்ற இடத்தில், நான்கு டயரின் தடத்திலும் நான்கு எலுமிச்சைகள் நசுங்கிக் கிடந்தன. பச்சைத் தோல், சாறு, கொஞ்சம் குங்குமம். அவ்வளவுதான். ஒன்றை டிஸ்யூவில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மற்ற மூன்றையும் பார்த்தாள். பிறகு யுவனேஸ்வரனின் அம்மா வேலம்மாவிடம் வந்தாள்.

வேலம்மா காலையிலிருந்து எல்லாரையும் கவனித்துக்கொண்டவள். இராகு காலம் முடியட்டும் என்று காத்திருந்தபோது, பிளாஸ்கில் கொண்டுவந்த எலுமிச்சைச் சாற்றை ஆளுக்கு ஒரு கப் ஊற்றிக் கொடுத்தாள். "வடிகட்ட நேரமில்ல, வெத வந்தா துப்பிக்கிங்க," என்று சொல்லியே கொடுத்தாள். அமராவதியின் வாயில் மட்டும் ஏழு விதை. இப்போது வேலம்மா காரின் பக்கத்தில் கண்கலங்கி நின்றாள்.

"காடிச் சாவி யார்கிட்ட இருந்துச்சுக்கா?"

"என்கிட்டதாம்மா. பூஜ முடிஞ்சதும் வாங்கிட்டுப் போயி சாமி ரூம்ல வெச்சேன். காலையில திருநீறு பூசி நாந்தான் இந்தப் பொண்ணு கையில குடுத்தேன்."

"ராத்திரி யாரும் தொடலையே?"

"வீட்டுல நான் ஒருத்திதானே."

"எலுமிச்சம்பழம் எந்தக் கடையில வாங்கினீங்க?"

"கடையா? எங்க வீட்டு மரம் காய்ச்சுத் தொங்குது, எதுக்கு வாங்கறேன்? நேத்து வெச்சதும் அதுதான், நீங்க குடிச்சதும் அதுதான்."

அமராவதி தலையாட்டினாள். யுவனேஸ்வரன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி நேத்து எத்தன மணிக்கு வேலைக்குப் போனீங்க?"

"எட்டுக்கு பஞ்ச் பண்ணேன். வேணும்னா ஃபேக்டரிக்கு போன் போட்டுக் கேளுங்க."

"இங்கேருந்து ரவாங் அரை மணி. ஆறே கால்லேருந்து ஏழரை வரைக்கும்?"

"சாப்பிட்டேன்."

11.46.

மேசைமேல் டிஸ்யூவை விரித்து நசுங்கிய பழத்தை வைத்தாள் அமராவதி. அதன் பக்கத்தில் வேலம்மாவின் பிளாஸ்கிலிருந்து ஒரு கப் சாறு ஊற்றினாள். அடியில் விதைகள் இறங்கி உட்கார்ந்தன.

"ஒடஞ்ச ஓடு ரெண்ட பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கறதுதான் என் வேலை," என்றாள். "அக்கா, உங்க மரத்துப் பழத்துல எத்தன வெத இருக்கும்?"

"எட்டு, பத்து இருக்கும். எண்ண முடியாது."

"இதுல எத்தன இருக்கு பாருங்க."

வேலம்மா குனிந்தாள். விரலால் சக்கையை விலக்கினாள். இன்னும் விலக்கினாள். ஒரு விதைகூட இல்லை.

"இது பாசார்ல பேக்கெட்டுல விக்கிற வெதையில்லாத பழம்," என்றாள் அமராவதி. "நாலும் அப்படித்தான் இருக்கு. நீங்க நேத்து வெச்சது இது இல்ல. அது நேத்தே நசுங்கிருச்சு. அதாவது, காடி நேத்தே வெளிய போயிருக்கு. மேப் இல்லாம. ஓட்டினவங்க திரும்பி வந்து, நசுங்கினதக் கூட்டித் தள்ளிட்டு, புதுப் பழம் வாங்கி, சாமி படத்துக்கிட்ட இருந்த குங்குமத்த வெச்சு, அதே எடத்துல அடுக்கிட்டாங்க. பொட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு. வெதைய மட்டும் யாரும் யோசிக்கல."

சிவானந்தம் வாயைத் திறந்தார். "சத்தியமா நான் இல்ல."

"தெரியும். கடைச் சாவி ஊருக்கே தெரியும். ஆனா காடிச் சாவி ராத்திரி பூரா சாமி ரூம்ல இருந்துச்சு. அது இல்லாம நீங்களும் ஓட்ட முடியாது, ஐயாவுண்ணனும் ஓட்ட முடியாது. காடிக்கு இன்னொரு சாவி இருக்கணும்." அமராவதி யுவனேஸ்வரன் முகத்தைப் பார்த்தாள். "அது எங்க தம்பி?"

அவன் இடுப்பில் மோட்டார் சைக்கிள் சாவியோடு இன்னொரு சாவியும் தொங்கியது. எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள்.

"ஒரே ஒரு ரவுண்டுதான்க்கா," என்றான் கடைசியில். "ரெண்டு மாசமாக் காத்திருந்தேன். மெதுவாத்தான் போனேன். எஸ்டேட் ரோட்டுல ஆளே இல்ல. ஒரு தடவ அமுக்கினேன். கடகடன்னு ஒரு சத்தம் வந்துச்சு. ஒடனே விட்டுட்டேன். ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு நெனச்சேன். இன்னிக்கு நின்னதும் பயந்துட்டேன்."

"பயந்து?" என்று ரூபினி கேட்டாள். அன்று அவள் குரல் உயர்ந்தது அப்போதுதான். "பயந்து என் தலையில போட்டீங்களா?"

வேலம்மா மகனை அடிக்கவில்லை, கத்தவுமில்லை. சக்கை ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"காடி போனா போவுது. சாமிக்கு வெச்சத நசுக்கிட்டு, கடப் பழத்துக்குப் பொட்டு வெச்சு என்ன ஏமாத்துன. அதக்கூட விடு. இந்தப் பொண்ணு வாய் தொறக்க வழியில்லாம நின்னப்ப, நீ வாட்ச்ச பார்த்துக்கிட்டு நின்னியே, அதான்டா எனக்குத் தாங்கல. போன எடு."

"அம்மா..."

"பன்னெண்டு மணின்னு சொன்னல்ல? எழுது. என்ன நடந்திச்சோ அத அப்படியே எழுது. அனுப்பறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்டப் படிச்சுக் காட்டு."

அவன் ஏற்கெனவே அடித்து வைத்திருந்ததை அழித்தான். அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது, நீளமாகத்தான் எழுதியிருந்தான். புதிதாக எழுதியது நாலே வரி. அதைப் படித்துக் காட்டினான். ரூபினி முழுதும் கேட்டாள். 'சாரி' என்பதற்கு முன்னால் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தான்.

11.58. இருநூறு பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

ஐயாவு கையைத் துடைத்துவிட்டு, சுவரோரம் இருந்த பலகையின் காகிதத்தை ஒரு பக்கமாகக் கிழித்தார். திங்கட்கிழமை வரை அவருக்குப் பொறுமை இல்லை. சிவானந்தம் தடுக்கவுமில்லை.

"இன்ஜின எறக்கணும்," என்றாள் ரூபினி. "பிஸ்டன் புதுசா போட்டு, மறுபடி மொதல்லேருந்து. நான்தான் செய்வேன். ஆனா ஒரு கண்டிஷன்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் வேலம்மா மகனின் இடுப்பிலிருந்து அந்தச் சாவியைக் கழற்றினாள். பானெட்மேல் கிடந்த திருநீறு பூசிய சாவியையும் எடுத்தாள். இரண்டையும் ரூபினியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"இந்தத் தடவ சாமி ரூமு வேணாம்மா," என்றாள். "ஒன்கிட்டயே இருக்கட்டும்."