பாலத்தின் வயிற்றுக்குள்

கனகா சுத்தியலால் ஒரு முறைதான் தட்டினாள். சத்தம் இரண்டு முறை கேட்டது.

எதிரொலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ரிங் ரோடு மேம்பாலத்தின் உட்பகுதி அது. மேலே வண்டிகள் ஓடுகிற தளத்துக்கும் கீழே தெரிகிற அடிப்பாகத்துக்கும் நடுவே, ஆள் குனிந்து நிற்கும் உயரத்தில் ஒரு நீண்ட கான்கிரீட் பெட்டி. குறுக்குச் சுவர்கள் அதை அறை அறையாகப் பிரித்திருந்தன. ஒவ்வொரு சுவரிலும் தவழ்ந்து நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. மைசூரைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளைப் பராமரிக்க ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தில் அவள் பொறியாளர். மழைக்காலம் முடியும்போது பாலங்களுக்குள் புகுந்து தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளந்து விட்டுப்போயிருந்தால் பொத்தென்று கேட்கும்.

தனியாக நுழையக் கூடாது என்பது விதி. கூட வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒரு பாலம்தானே என்று வந்துவிட்டாள்.

"ஆய்த்தா மேடம்?" நுழைவாயிலுக்குக் கீழே, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜீப் டிரைவர் லிங்கப்பனின் குரல் அறைகளைத் தாண்டி வந்தது. "மழ கட்டிட்டு வருதுங்க!"

"ஒரே ஒரு ரூம்தாண்ணா பாக்கி! மனிஷாவ ஸ்கூல்ல கூப்பிடப் போகணும், வந்துருவேன்!"

கடைசி அறைக்குள் தவழ்ந்தாள். வௌவால் எச்சத்தின் காட்டமும், ஈரச் சிமெண்டின் குளிர்ந்த வாடையும் தொண்டையில் ஒட்டின. ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்து திரும்புகிற கம்பெனி பஸ் ஒவ்வொன்றும் மேலே இணைப்பில் ஏறி இறங்கும்போது பெட்டி முழுக்க ஒரு நடுக்கம் ஓடி, தூசி உதிர்ந்து அவள் உதட்டில் படிந்தது. தலைக்கவச விளக்கின் வட்டம் போன இடம் மட்டுமே உலகம். மற்றதெல்லாம் இருட்டு, பகலிலும் விடியாத இருட்டு.

எதிர்ச் சுவரில் இரண்டு தட்டு தட்டினாள். சுவருக்குள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது. அதே இடைவெளியில், அதே அழுத்தத்தில்.

அந்தச் சுவருக்கு அப்பால் அறை கிடையாது. பாலம் அங்கே முடிகிறது. அப்புறம் சாலைக்குக் கொட்டி இறுக்கிய மண்தான்.

தூசியில் அவளுக்கு இருமல் வந்தது. சுவரும் இருமியது.

அது அவள் இருமல். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொள்வது உட்பட.

சுத்தியலை இறுக்கிப் பிடித்தாள். "யாரு?" என்றாள், கேட்க நினைக்காமலே.

"யாரு?"

இந்த முறை சத்தம் சுவரிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவள் வந்த வழியிலிருந்து.

திரும்பினாள். விளக்கொளியில், திறப்புக்கு அந்தப் பக்கம், அவள் போட்டிருந்தது போன்ற மஞ்சள் பாதுகாப்பு ஜாக்கெட்டின் வெள்ளிப் பட்டை ஒன்று மின்னி மறைந்தது. பிறகு துணி உரசும் சத்தம். முட்டிகள் தரையில் பதியும் சத்தம். வேகமாக. நுழைவாயிலை நோக்கி.

கனகா தவழ்ந்தாள். முதல் திறப்பு. முழங்கை சிராய்த்தது. அடுத்த திறப்பு. முன்னால் எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும்.

"வந்துட்டீங்களா மேடம்? பாத்து எறங்குங்க." லிங்கப்பன்.

"வந்துட்டேண்ணா." அவளுடைய குரல். "மூடியப் போட்டுருங்க."

"லிங்கண்ணா! நான் உள்ள இருக்கேன்!"

மேலே ஒரு பஸ். இன்னொரு பஸ். பெட்டி அதிர்ந்து அவள் கத்தலை விழுங்கியது. கீழிருந்து இரும்பு மூடி சாத்தப்பட்டது. போல்ட் இறுகியது. அவள் போய்ச் சேர்ந்தபோது வாசல் இருந்த இடத்தில் ஒரு கீற்று வெளிச்சம்கூட இல்லை.

அறைந்தாள். உதைத்தாள். உள்ளங்கை கிழிந்தது.

அப்போதுதான் தண்ணீர் வடிவதற்காகத் தரையில் விட்டிருக்கும் துளைகள் நினைவுக்கு வந்தன. விளக்கை அணைத்தாள். பக்கத்திலேயே ஒரு ரூபாய் அகலத்தில் வெளிச்சம். குப்புறப் படுத்துக் கண்ணை அதில் வைத்தாள்.

கீழே ஜீப். லிங்கப்பன். அவர் எதிரே கனகா.

அதே பின்னல். வலது காலைச் சற்று வீசி நடக்கிற அதே நடை.

"கழுத்தெல்லாம் சிமெண்டு மேடம்," என்று லிங்கப்பன் துண்டை நீட்டினார். அது துடைத்துக்கொண்டது. துடைத்த இடம் தோலாக மாறியது.

"வண்டிய எடுங்கண்ணா. மனிஷா காத்துட்டிருப்பா."

"அண்ணா! அது நானில்ல!" துளையில் வாயை வைத்து அலறினாள். "பாப்பாகிட்ட கூட்டிட்டுப் போகாதீங்க!"

லிங்கப்பன் கதவைச் சாத்தினார். அது மட்டும் ஜன்னல் வழியே அண்ணாந்து துளையைப் பார்த்தது. ஜீப் கிளம்பியது. வெறும் சாலை. மழை.

வேறு துளை. சாலைப் பக்கமாக இருக்கிற துளை. யாராவது பார்ப்பார்கள்.

நிமிர்ந்து இருட்டில் தேடினாள். பாலம் நெடுக அறைக்கு அறை துளைகள் உண்டு. வரிசையாக வெளிச்சம் தெரிய வேண்டும்.

ஒன்றிலும் தெரியவில்லை.

விளக்கைப் போட்டாள்.

இப்போதுதான் அவள் தவழ்ந்து வந்த வழி அது. நேர்க்கோட்டில் இருந்த திறப்புகளின் ஊடே, கடைசி அறை வரை, ஒவ்வொரு துளையின் மேலும் ஓர் ஆள் குப்புறக் கிடந்தது. எல்லாரும் மஞ்சள் ஜாக்கெட். சிலருடையது வெளுத்து வெள்ளையாகியிருந்தது. முதுகுகளில் தூசி கனமாகப் படிந்திருந்தது. எல்லாரும் ஒரு கண்ணைத் துளையில் அழுத்தி, கீழே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அருகில் கிடந்த பெண், கண்ணை எடுக்காமலே, காலை மடக்கி அவளுக்கு இடம் விட்டாள்.