கடைசித் தடுப்பின் தண்ணீர்

மாடே இல்லாத கடைசித் தடுப்பில் தண்ணீர்க் கிண்ணம் சீறிக்கொண்டிருந்தது.

காதர் மைதீனுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். மாடு மூக்கால் அழுத்தினால் தண்ணீர் வரும், மூக்கை எடுத்தால் நிற்கும், அவ்வளவுதான் அந்தக் கிண்ணம். அது கெட்டுப்போக இன்றைக்கா நாள் பார்க்க வேண்டும்? பொழுது சாய்ந்ததும் ஏர்போர்ட் வேன் வந்துவிடும். வெள்ளிக்கிழமை கீழக்கரையில் மகள் ருமைஸாவுக்கு நிக்காஹ். தள்ளித் தள்ளிப் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய லீவு. சூப்பர்வைசர் ஜாபர் சாதிக்குக்குப் போன் போட்டார்.

"தம்பி, கடைசி வால்வு நிக்க மாட்டேங்குது. டேங்க் இறங்கிக்கிட்டே போகுது."

"காக்கா, தண்ணி லாரி காலைலதான். டேங்க் காலியாச்சுன்னா மிச்ச மாடும் செத்துரும், அப்புறம் லீவாவது ஒண்ணாவது. அடைச்சுட்டுக் கெளம்புங்க. அவ்வளவுதான், ஹலாஸ்."

சொல்வது சுலபம். ஃபேன் மோட்டார் இரைகிறது என்று மாசக்கணக்காகச் சொன்னபோதும் இப்படித்தான் சொன்னான். இமைமுடி வரை வெள்ளையான பிரான்ஸ் நாட்டுச் சாரொலே மாடுகளை அல் ஐன் பாலைவன வெயிலில் கொண்டுவந்து நிறுத்தியவர் பண்ணை முதலாளி அர்பாப். அவற்றோடு மல்லுக்கட்டுவது காதர் மைதீன். நேற்று உச்சிவெயிலில் மோட்டார் நின்றது. கடைசித் தடுப்பு மாடு நாக்கைத் தொங்கப்போட்டுச் சாய்ந்தது. உயிர் இருக்கும்போதே அறுத்தால்தான் ஹலால். அர்பாப் "யல்லா, யல்லா" என்று கத்த, கத்தியோடு ஓடினார். அறுக்குமுன் தண்ணீர் காட்டுவது வழக்கம். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவர் மறந்ததில்லை. நேற்று மறந்துவிட்டார்.

கறி வேலையாட்கள் கேம்ப்புக்குப் போனது. விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸ் சுவரில் மாட்ட வேண்டும், முகத்தோடு சேர்த்து உரி என்றார் அர்பாப். அந்த வெள்ளைத் தோலை உப்பு அப்பி வேலியில் போட்டிருந்தார் காதர் மைதீன்.

போனை வைத்துவிட்டு வால்வைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். சத்தம் நின்றது. பையை எடுக்க ரூமுக்குப் போவதற்குள் மறுபடி சீறியது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி, அந்தத் தடுப்புக்குப் போகும் குழாயையே மூடினார். நின்றது. பையைத் தோளில் மாட்டியபோது மகளின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"வாப்பா, வண்டி வந்துருச்சா?"

பதில் சொல்ல வாயெடுத்தார். சீறியது.

"என்ன முசீபத்துடா இது."

பையோடு நடந்தார். புழுதிக்காற்றில் கொட்டகை விளக்குகள் மங்கலாக எரிந்தன, தீவன வாடையோடு ஈர உப்பின் வாடை கலந்து மூக்கில் ஏறியது, புது மோட்டாரின் உறுமலுக்கு அடியில் யாரோ அவசரமாக விழுங்குவதுபோல் ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. மற்ற மாடுகள் ஒன்றுகூடத் தீவனத்தைத் தொடவில்லை. எதிர் மூலையில் நெருக்கியடித்து, சுவரைப் பார்த்து நின்றன.

வேலியைப் பார்த்தார். காலி.

மணலில் உப்பு சிந்தியிருந்தது. வேலியிலிருந்து கடைசித் தடுப்புவரை.

போகாதே என்றது மனசு. ஆனால் டேங்க் இறங்கிக்கொண்டிருந்தது. போனார்.

கிண்ணத்தில் இளஞ்சிவப்பு மூக்கு அழுந்தியிருந்தது. அதன் பின்னால் வெள்ளைத் தோல், உள்ளே எலும்பில்லாமல், சதையில்லாமல், தொளதொளவென்று நான்கு காலில் நின்றது. குடித்தது. குடித்த தண்ணீர் அவர் அறுத்த இடத்தின் வழியே மணலில் கொட்டியது. சிவப்பே இல்லை. வெறும் தண்ணீர்.

கேட்டில் வேன் ஹாரன் அடித்தது.

கிண்ணம் இருமியது. காற்று வந்தது. டேங்க் காலி.

அந்த முகம் திரும்பியது. கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். இமைமுடியில் உப்பு.

ஓடியிருக்கலாம். கை பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடியது. உதடு தானாகவே பிஸ்மி சொன்னது. நீட்டினார். அது குடித்தது. அவர் பாதத்தில் கொட்டியது. சில்லென்று.

மறுபடி ஹாரன். பிறகு வேன் நகரும் சத்தம். தூரத்தில். அப்புறம் அதுவும் இல்லை.

போன் மினுங்கியது. "வாப்பா?"

பாட்டில் காலி.

மூக்கு அவர் விரல்களை முகர்ந்தது. மணிக்கட்டு. முழங்கை. தோள். இன்னும் ஈரம் இருக்கும் இடத்தைத் தேடித் தேடி, கடைசியில் அவர் கழுத்தில் வந்து அழுந்தியது.