விட்டில்காட்டுக்குக் குடிவந்த இயக்குநர்

எங்கள் ஊரில் இரவுச் சாப்பாட்டை வெயில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பொழுது சாய்ந்தால் அந்துப்பூச்சிகள் வந்துவிடும். ஒருமுறை ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடப் போனேன். திரும்பி வந்தபோது கிண்ணம் பறந்துகொண்டிருந்தது. சரி, பறக்கவில்லை. மேசையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியிருந்தது, அவ்வளவுதான்.

ஊரின் அரசாங்கப் பெயர் 'மணமேறியோர் குடியிருப்பு'. நாங்கள் விட்டில்காடு என்போம். தாராபுரத்துக்கு அப்பால், எருக்குகூட யோசித்து முளைக்கும் பாறைவெளி. வீட்டுக்கு வீடு வலைக்கதவு. இங்கே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள். செய்த குற்றம், வேலையை ஒழுங்காகச் செய்தது.

பூச்சிக்கொல்லிகள் எல்லாம் தடைசெய்யப்பட்ட பிறகு பருத்தியைக் காப்பாற்றியது நாங்கள் வடித்த பெரோமோன். அழைப்புமணம் என்று பெயர் வைத்ததும் நான்தான். காய்ப்புழுவின் பெண் அந்து, ஆணைக் கூப்பிட விடும் வாசனை அது. வயலுக்கு வயல் மணத்தூண் நட்டு அதைக் கசியவிட்டோம். காற்றெல்லாம் பெண் வாசனை. பெண் எங்கே என்றுதான் தெரியாது. ஆண் பூச்சிகள் தேடித் தேடிச் செத்தன. முட்டை இல்லை, புழு இல்லை. கொங்கு நாடு முழுவதும் வெள்ளையாக வெடித்தது.

ஆனால் வடித்தவர்களின் தோலில் மணம் ஏறிவிட்டது. எந்தச் சோப்புக்கும் போகவில்லை. நான் சூலூரில் மகளோடு இருந்த ஒரே மாதத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பருத்தி முழுக்கப் புழு. என்னைத் தேடி ஆண்கள், அவற்றுக்குப் பின்னால் பெண்கள். உடனே சட்டம் வந்தது: அழைப்புமணத்தைக் கையால் தொட்டவர்கள் வயல்களை விட்டு விலகி வாழ வேண்டும். மகளின் கல்யாணத்தைத் திரையில் பார்த்து, திரையிலேயே அட்சதை போட்டேன்.

சட்டத்தை எழுதிக்கொடுத்தவர் எங்கள் இயக்குநர், டாக்டர் ரித்விக் பொன்னுசாமி. அவருக்கு மட்டும் மணம் ஏறவில்லை. எப்படி ஏறும்? ஆய்வகத்துக்குள் அவர் வந்ததே இரண்டு முறை. ஒன்று ஆயுதபூஜைக்கு, இன்னொன்று, டீ சரியில்லை என்று சொல்ல. கண்டுபிடிப்பின் மேல் அவர் பெயர் மட்டும் பச்சை குத்தினாற்போல் இருந்தது. தினமும் அவரைத் திட்டினேன். ஒரு வசையைக்கூட இரண்டாம் முறை சொன்னதில்லை. தமிழ் தீர்ந்த நாட்களில் தெலுங்கு கற்றுக்கொண்டேன்.

போன தை மாதம் அவருக்கு நாட்டின் பெரிய விருது அறிவித்தார்கள். பேட்டியை நானும் அடுத்த வீட்டுக் கெவினும் பார்த்தோம். கெவின் ஆரோக்கியம் எங்கள் ஆய்வகத்தின் கண்ணாடிக் குழாய் நிபுணர், என்னைவிட மூத்தவர்.

"இந்தக் கைகளாலேயே ஒவ்வொரு சொட்டையும் வடித்தேன்" என்று ரித்விக் கைகளைத் தூக்கிக் காட்டினார்.

"அடப்பாவி! சொட்டு நீலம்கூடத் தொட்டிருக்க மாட்டானுங்க அம்மிணி" என்றார் கெவின்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். கெவின் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"அண்ணா, தொட்டேன்னு அவரே சொல்லிட்டாரு. தொட்டவங்க எங்க இருக்கோணும்?"

கெவினின் வாய் மெல்லத் திறந்தது. மறுநாளே மணக்காவல் துறையில் புகார் கொடுத்தேன். இப்படியொரு ஆபத்தான மனிதர் கோயம்புத்தூர் நடுவில் உலவுகிறாரே, நம் பருத்தி என்னாவது என்று கண்ணீர் விட்டேன். நல்ல கண்ணீர். வெங்காயம் பாதிதான் செலவானது.

துறை பயந்துவிட்டது. விருதுக்கு முன்னால் ரித்விக் விட்டில்காட்டுக்கு வந்து கூண்டுச் சோதனைக்கு நிற்க வேண்டும். கூண்டைத் திறந்ததும் பூச்சிகள் அவரிடம் போனால், வடித்தது உண்மை. விருது உண்டு, குடியிருப்பும் இங்கேதான். போகாவிட்டால் விருதும் இல்லை, மானமும் இல்லை.

சோதனைக்கு முந்தின மத்தியானம் என் வலைக்கதவைத் தட்டினார். தொப்பி, கையுறை, மூக்குவரை துணி. திருடனுக்குக்கூட இவ்வளவு உடை இருக்காது.

"மகிழினி, எப்படி இருக்கே? அப்படியே இருக்கியே!"

"வேற எப்படி இருக்க விட்டீங்க சார்? உட்காருங்க."

உட்காரவில்லை. "உன்கிட்ட அந்த மணம் கொஞ்சம் இருக்கும்னு தெரியும். ஒரே ஒரு குப்பி. என் கௌரவம் உன் கையிலதான் இருக்கு."

"விருதுக்காக இங்க வந்து இருப்பீங்களா?"

"கொஞ்ச நாள்தானே. அப்புறம் மந்திரிகிட்டச் சொல்லி விலக்கு வாங்கிப்பேன். சீக்கிரம் போயிரும்ல அது?"

"அளவைப் பொறுத்தது சார்."

குளிர்பெட்டியின் அடியிலிருந்து சுண்டுவிரல் நீளக் குப்பியை எடுத்தேன். ஒரு தாலுகாவின் மணத்தூண்களுக்கு ஒரு பருவம் முழுக்கப் போதும் சரக்கு.

"ஊசி முனையில தொட்டு வெச்சாப் போதும். அதுக்கு மேல ஒரு இம்மி வேண்டாம்" என்றேன்.

அவர் கண்கள் சுருங்கின. அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன். உப்புச் சரியாக இருக்கிறது என்று நான் சொன்னால் ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொள்கிற மனிதர். நான் எதைச் சொன்னாலும் அவருக்குக் குழி பறிக்கிறேன் என்றே நினைப்பார்.

"ஊசி முனை! நாளைக்கு ஒரு பூச்சியும் வராம நான் பல்லிளிச்சுட்டு நிக்கணும், அதானே உன் ஆசை? முப்பது வருஷமா உன்னைத் தெரியாதா எனக்கு?"

"சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன் சார்."

அவர் போனதும், அடுத்த வீட்டிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கெவின் ஓடிவந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க? பூச்சி அவன்கிட்டப் போனா அவன்தான் வடிச்சான்னு ஆயிருமே! உங்க பேரு அத்தோட போச்சு!"

"போகட்டும்ணா. பேரை வெச்சு நான் என்ன பண்ண? பொண்ணு வீட்டுக்குப் போகோணும், பேத்திய மடியில உட்கார வெச்சுக்கோணும். அதுக்கு நம்மளவிடப் பெரிய வாசனை ஒண்ணு வேணும்."

கெவின் என்னை உற்றுப் பார்த்தார். புரிந்ததும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "ஆத்தாடி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அந்தியில் அதிகாரி இலக்கியா கூண்டோடு வந்தார். ரித்விக் பட்டுச்சட்டையில் பாறை மேல் நின்றார், கைகளைக் கேமராவுக்கு நீட்டியபடி. கழுத்து, கை, காதுமடல் என்று அத்தர் மாதிரி முழுக் குப்பியையும் பூசியிருந்தார். ஆய்வகத்தில் ஒரு நாள் நின்றிருந்தால்கூடச் செய்திருக்க மாட்டார்.

கூண்டைத் திறக்கவே தேவைப்படவில்லை. மேற்கே ஒரு மேகம் எழுந்தது. வடக்கே இன்னொன்று. பல்லடத்திலிருந்து, காங்கேயத்திலிருந்து, தாய்லாந்திலிருந்துகூட ஒன்றிரண்டு வந்திருக்கும், நான் சத்தியம் செய்யத் தயார். கண் இமைப்பதற்குள் ரித்விக் பொன்னுசாமி இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கம்பளியாலான ஓர் உருவம் நின்று கத்தியது. எங்கள் மேல் ஒரு பூச்சிகூட இல்லை. கெவின் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய வாசனை வந்துவிட்டால் சின்ன வாசனையை ஆண் அந்து திரும்பியும் பார்க்காது. மணத்தூணின் சூத்திரமே அதுதானே.

இலக்கியா கருவியை வைத்து வாரக்கணக்கில் அளந்தார். பிறகு வலைக்குள் உட்கார்ந்திருந்த ரித்விக்கிடம் பணிவாகச் சொன்னார்: "சார், விருது உறுதி. நாலு மாவட்டத்துப் பூச்சியும் உங்ககிட்டத்தான் வருது. நீங்க இங்க இருக்கிற வரைக்கும் மணத்தூணே வேண்டாம்னு அரசாங்கம் முடிவு பண்ணிருச்சு. அதனால மந்திரி விலக்குத் தர மாட்டேங்கறாரு. மத்தவங்களால இனி ஆபத்து இல்லை. அவங்க ஊருக்குப் போகலாம்."

ஒரு மனிதர் வாழும்போதே இனக்கவர்ச்சிப் பொறி ஆகிவிட்டார். அரசாணையோடு.

பேருந்து வந்த அன்று காலை, அவர் வலைக்கதவுக்குப் பின்னால் நின்றார். புருவத்தில் இரண்டு பூச்சிகள் குடும்பம் தேடிக்கொண்டிருந்தன.

"மகிழினி, யாராவது ஒருத்தர் இருங்களேன். பேச்சுத் துணைக்கு."

"பொண்ணு காத்துட்டு இருக்கா சார்."

"இது போக எத்தனை வருஷமாகும்? உண்மையைச் சொல்லு."

"எனக்கு இருபத்தாறு வருஷமாச்சு, இன்னும் போகலை. ஆனா எனக்குக் கையில பட்டது ஊசி முனைதான்."

பேருந்து கிளம்பியது. ஜன்னல்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டோம். பாறைவெளி பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. கெவின் வெகுநேரம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன இருந்தாலும் பாவமுங்க அம்மிணி. ஒண்டியா இருப்பான்."

யோசித்துப் பார்த்தேன். பாவம்தான்.

"தாராபுரம் வர்ற வரைக்கும் பாவப்பட்டுக்கலாம்ணா" என்றேன். "அங்க இறங்கி டீ சாப்பிடோணும்."