கோல் லைனில் ஒரு பிணம்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

ஞாயிற்றுக்கிழமை காலை. சேரம்பாடி மலை முழுக்க மூடுபனி. ஸ்டேஷனுக்குள் சூடாக இருந்த ஒரே பொருள் டீ கிளாஸ்தான். அதைக் கீழே வைக்க மனமில்லாமல், சப்-இன்ஸ்பெக்டர் சுலோச்சனா இடது கையால் ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ... போலீஸ் ஸ்டேஷன்."

"மேடம்... கிரவுண்டுல ஒரு பொணம்ங்க!"

டீ சிந்தியது.

"எந்த கிரவுண்டு? எந்த இடத்துல?"

"நம்ம எஸ்டேட் கிரவுண்டுங்க. கோலுக்குள்ள கிடக்குது. ஆனா மேடம்... ரெண்டு காலும் கோட்டுக்கு வெளியில நீட்டிட்டு இருக்குதுங்க. முழுசா கோட்டைத் தாண்டல. ரூல்படி இது கோல் இல்லீங்க!"

சுலோச்சனா ரிசீவரை ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"யாருங்க பேசறது?"

"நல்லசிவம்ங்க. வட்டார ஃபுட்பால் லீக் செயலாளர்."

அப்படியா சங்கதி! நல்லசிவம் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அங்கே ஒரு ரூலை மீறினால் அடுத்த ரூலைப் படிக்க ஆள் மிஞ்ச மாட்டான். அந்தப் பயத்தை அப்படியே பத்திரமாக ஃபுட்பாலுக்குக் கொண்டுவந்துவிட்டார். இட்லி சாப்பிடும்போதுகூட கழுத்தில் விசில் தொங்கும்.

"செத்தது யாருங்க?"

"கொழுந்து லெவன் ஓனர் ஏகநாதன்ங்க! மத்தியானம் மூணு மணிக்கு ஃபைனலை வெச்சுக்கிட்டு, மனுசன் இப்படிப் பண்ணிட்டாருங்க!"

சுலோச்சனா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். ஏகநாதனுக்காக அல்ல.

கொழுந்து லெவன்! தேயிலை பறிக்கும் பெண்களின் அணி. அதன் கேப்டனும் கோல்கீப்பருமான வேணியைப் பார்க்கத்தான் இன்று கோயமுத்தூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. பிடிக்காவிட்டால் நாளைக்கும் கூடை, நாளன்றைக்கும் கூடை.

சுலோச்சனாவும் ஒரு காலத்தில் கோல்கீப்பர்தான். இந்தக் காக்கிச் சட்டையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே ஃபுட்பால்தான்.

"மாரிச்சாமி! ஜீப்பை எடுங்க!"

கான்ஸ்டபிள் மாரிச்சாமி ஓடினார்.

கிரவுண்டில் லைன் வீட்டுத் தொழிலாளர் ஜனம் மொத்தமும் கூடியிருந்தது. அப்படி ஒரு குளிர்! பேசுகிறவன், அழுகிறவன், கொட்டாவி விடுகிறவன்... எல்லார் வாயிலிருந்தும் புகை.

கோல் நெட்டில் சுருட்டி வைக்கப்பட்டுக் கிடந்தார் ஏகநாதன். எஸ்டேட்டில் கங்காணி. முப்பது வருஷ சர்வீஸ். வெள்ளைச் சட்டை. நெஞ்சில் சிவப்பு... திட்டுத் திட்டாக!

சுலோச்சனா குனிந்தாள். முகத்தைப் பார்த்தாள். நெட்டின் முடிச்சைப் பார்த்தாள். சட்டைக்குக் கிட்டே போய் மூக்கை உறிஞ்சினாள்.

நிமிர்ந்தபோது அவள் முகம் கல்லாக இருந்தது.

"யாரும் கிட்ட வரக் கூடாது! டாக்டர் வர்ற வரைக்கும் ஒருத்தர் கையும் மேல படக் கூடாது!"

"பெனால்டி ஏரியாவுக்குள்ள யாரும் வர வேண்டாம்ங்க!" நல்லசிவம் தன் பங்குக்கு விசிலை ஊதினார்.

"நல்லசிவம் சார், இவருக்கு எதிரி யாராவது...?"

"எதிரி இல்லீங்க. கடன்காரங்கதான். ரெண்டு பேரு."

விவரம் இதுதான். அணிக்கு பன்னும் டீயும் சப்ளை பண்ணியது பேக்கரி குப்புசாமி. அணியை ஊர் ஊராகக் கூட்டிப் போனது கூடலூர் மினி பஸ் ஓனர், மலையாளி கருணாகரன். ரெண்டு பேருக்கும் ஏகநாதன் ரெண்டு வருஷமாகப் பாக்கி. டிக்கெட் வசூல் எங்கே போனது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஏகநாதன் வீட்டுக்கு மேலே புதிதாக ஒரு மாடி முளைத்திருந்தது. பெண்களோ கிழிந்த பூட்ஸோடு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து லீக் மீட்டிங்குங்க. கடனுக்குப் பதிலா கிளப் எனக்குத்தான்னு குப்புசாமி நிக்கறாரு. இல்ல எனக்குத்தான்னு கருணாகரன் நிக்கறாரு. குடுக்க முடியாதுன்னு ஏகநாதன் நிக்கறாரு. நான் கறாரா சொல்லிப் போட்டேனுங்க. மூணு மணிக்குள்ள ஓனர் யாருன்னு முடிவாகலைன்னா கொழுந்து லெவன் லீக்கை விட்டே நீக்கம். கோப்பை ஓவேலி டீமுக்கு!"

"அப்ப ரெண்டு பேரும் என்ன சொன்னாங்க?"

"உன்னைக் கொன்னு போடுவேன்னாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாவே சொன்னாங்க. நான் ரெண்டு பேருக்கும் மஞ்சள் கார்டு காட்டினேனுங்க."

கூட்டத்தின் ஓரத்தில் வேணி நின்றுகொண்டிருந்தாள். கையில் கிழிந்த கிளவுஸ். காலடியில் பந்து.

"நீ அழலையா வேணி?"

"அப்புறமா அழுதுக்கறேன் மேடம். இப்ப மேட்ச் இருக்குதுங்க."

சுலோச்சனா அவளையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"குப்புசாமி! கருணாகரன்! ரெண்டு பேரும் முன்னால வாங்க!"

வந்தார்கள். குப்புசாமியின் தொந்தி முதலில் வந்தது, பிறகு குப்புசாமி வந்தார். கருணாகரன் வேட்டியை மடித்துக் கட்டவும் அவிழ்க்கவுமாக இருந்தார்.

"ஏனுங்க குப்புசாமி... செத்தவர் உங்களுக்கு எவ்வளவு தரணும்?"

"அது ஆச்சுதுங்க மேடம்... லட்சத்தைத் தாண்டி..."

"நல்லது. அப்ப கொலைக்குக் காரணம் இருக்குது. மாரிச்சாமி, விலங்கை எடுங்க!"

"ஐயோ! என்னங்க மேடம்!"

"இவ்வளவு பெரிய பாக்கி யாருக்கு இருக்குதோ, அவருக்குத்தானுங்க கோபமும் பெருசா இருக்கும்? இதுல என்ன சந்தேகம்?"

குப்புசாமியின் வாயிலிருந்து புகை மட்டும் வந்தது.

"லட்சம்னா... லட்சம் இல்லீங்க. ஆயிரம் இருக்கும். இல்லீங்க... நூறு!"

"நூறு ரூபாய்க்காகக் கொன்னீங்களா?"

"ஒண்ணுமே இல்லீங்க! அந்தப் புள்ளைங்க எங்க கடைப் பன்னைத் தின்னதே இல்லீங்க! கல்லு மாதிரி இருக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான்தான் சும்மா பில்லு போட்டேனுங்க!"

கூட்டம் 'ஓ'வென்றது.

"கருணாகரன்... நீங்க?"

"எந்தப் பாக்கியும் இல்லா மேடம்! ஞான் சத்தியமாயிட்டும் சொல்றேன்!"

"நேத்து வரைக்கும் டீசல் காசே ஒரு மூட்டைன்னு சொன்னீங்களாமே?"

"டீசலா? எந்தா டீசல்? வண்டி மேட்டுல ஏறவே இல்லா மேடம். இந்தக் குட்டிகளாக்கும் கூடலூர் வரைக்கும் தள்ளிட்டு வந்தது. கணக்குப் பார்த்தா ஞான்தான் அவங்களுக்குக் கூலி கொடுக்கணும்!"

"ஆக, ரெண்டு பேருக்கும் ஒரு பைசா பாக்கி இல்லை. கிளப் மேல உரிமையும் இல்லை. அப்படித்தானே?"

"இல்லவே இல்லீங்க!"

"இல்லா! இல்லா!"

"ஊர் ஜனம் எல்லாரும் கேட்டீங்களா?"

"கேட்டோம்!" என்றது ஊர்.

நல்லசிவம் தொண்டையைச் செருமினார். வாழ்நாளில் இப்படி ஒரு நேரத்துக்காகத்தான் காத்திருந்தவர் போல இரண்டு அடி முன்னால் வந்தார்.

"லீக் சார்பா முடிவை அறிவிக்கறேனுங்க. ஓனர் காலமாயிட்டாரு. உரிமை கேட்டவங்க விலகிட்டாங்க. ஓனர் இல்லாத கிளப் கேப்டனைச் சேரும். அதாவது, கொழுந்து லெவன் இனிமேல் வேணிக்குச் சொந்தம்!"

பீ...ப்ப்!

விசில் மலையில் மோதித் திரும்பி வந்தது.

அதே நொடியில் வேணி காலடியில் கிடந்த பந்தை ஓங்கி உதைத்தாள். அது பனியைக் கிழித்துக்கொண்டு நடு கிரவுண்டில் போய் விழுந்தது.

பிணத்தின் இடது கண் இமை லேசாகத் துடித்தது!

அதைப் பார்த்தது சுலோச்சனா மட்டும்தான். மாரிச்சாமியைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமையாச்சுங்களே மேடம்!" அவர் கண்கள் விரிந்தன.

"அதனாலதான் சொல்றேன். போங்க."

ஜீப் எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரிப் பக்கம் பறந்தது. ஜனம் காத்திருந்தது. குப்புசாமி வியர்த்தார்... அந்தக் குளிரில்!

திடீரென்று...

ஊஊஊஊஊ...ங்!

ஃபேக்டரிச் சங்கு!

எஸ்டேட்டில் பிறந்தவனுக்கு அந்தச் சத்தம் எமன் கூப்பிடுவதைவிடப் பெரிது. சங்கு ஊதினால் பெரட்டு. எல்லாரும் வரிசையில் நின்று பேர் கொடுத்தாக வேண்டும். பிந்தினால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அதற்குள் எங்கே இருந்தாலும் ஓடித்தான் ஆக வேண்டும்.

கூட்டத்தில் பாதி தானாகத் திரும்பி நாலடி ஓடியது. ஓடிய பிறகுதான் இன்று ஞாயிற்றுக்கிழமை என்று ஞாபகம் வந்து அசடு வழிய நின்றது.

ஆனால் ஒரு ஆள் நிற்கவில்லை.

"ஐயா... அரைப்பேர் போட்டுராதீங்க! இதோ வந்துட்டேனுங்க!"

நெட்டோடு எழுந்து, நெட்டோடு ஓடி, நெட்டோடு குப்புற விழுந்தது... பிணம்!

"வீல்...!"

அலறியது பெண்கள் இல்லை. குப்புசாமி. அப்படியே கருணாகரன் மேல் மயங்கி விழுந்தார்.

சுலோச்சனா நிதானமாக நடந்து போய் நெட்டுக்குள் கை விட்டு ஏகநாதனின் காலரைப் பிடித்துத் தூக்கினாள்.

"வாங்க கங்காணி! முப்பது வருஷ சர்வீஸ் விட்டுருமா?"

"மே... மேடம்... உங்களுக்கு அப்பவே தெரியுங்களா?"

"வந்ததுமே தெரியுமுங்க. இந்தக் குளிர்ல எல்லார் வாயிலயும் புகை வருது. பொணத்தோட மூக்குலயும் புகை வந்தா போலீஸ் என்ன நெனைக்கும்? அப்புறம் சட்டையில ரத்தம். தக்காளி சாஸ் வாசம் சும்மா கமகமன்னு வருது!"

குப்புசாமி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "எங்க கடை சாஸ்ங்க மேடம்! அதுவும் பாக்கிதானுங்க!"

"பாக்கியா?"

"இல்லீங்க!" கண் பட்டென்று மூடிக்கொண்டது.

ஏகநாதனுக்கு நடந்ததில் நல்லது மட்டும்தான் கண்ணில் பட்டது. சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார். முகமெல்லாம் பல்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல? பாக்கி இல்லைன்னு அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்க! கடன் ஒழிஞ்சுது! இனிமேல் கொழுந்து லெவன் என்னோட கிளப்! என்னோட கிளப்பு மட்டும்தான்!"

"இல்லீங்களே," என்றார் நல்லசிவம்.

"என்னது?"

"நீங்க காலமாயிட்டீங்க. அறிவிச்சாச்சுங்க."

"யோவ்! உயிரோட நின்னு பேசிட்டு இருக்கறேன்!"

"அது உங்க அபிப்பிராயம்ங்க. ரெஃபரி தப்பா விசில் ஊதலாம். அதைத் திருத்தலாம். ஆனா ஊதினதுக்கு அப்புறம் பந்தை உதைச்சு ஆட்டம் திரும்ப ஆரம்பிச்சிட்டா, பழைய முடிவை மாத்தக் கூடாது. உலகம் பூரா அதுதான் ரூலுங்க. பந்து அங்க கிடக்குது பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். நடு கிரவுண்டில், பனிக்குள், பந்து.

ஏகநாதனின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. மெதுவாகத் திரும்பி வேணியைப் பார்த்தார்.

"ஏ புள்ள... செத்த மாதிரி படுத்துட்டா கடன்காரங்க ஓடிருவாங்கன்னு நீதானே யோசனை சொன்னே? நெட்டைச் சுத்தினது நீதானே? சாஸ் ஊத்தினது நீதானே?"

"ஆமாங்கண்ணே." வேணி தலையைக் குனியவில்லை. "ஓடிட்டாங்கல்ல?"

சுலோச்சனாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கோல் நெட்டை இழுத்துக் கட்டும் அந்த இரட்டை முடிச்சு! கோல்கீப்பர்களைத் தவிர வேறு யாருக்கும் அது வராது. அதைப் பார்த்த நிமிஷமே சுற்றியது யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த உதை மட்டும் புரியாமல் இருந்தது. இப்போது அதுவும் புரிந்தது. இந்தப் பெண்ணுக்குக் கோட்டா கிடைக்காவிட்டால் கோட்டாவுக்குத்தான் நஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

"மேடம்! இது மோசடிங்க! கேஸ் போடுங்க!" ஏகநாதன் குதித்தார்.

"போடலாமுங்க. பொய்ப் பொணமா படுத்து, சாஸைப் பூசிக்கிட்டு, போலீஸை ஞாயித்துக்கிழமை காலையில மலையேற வெச்சது யாரு? அங்கிருந்து ஆரம்பிப்போமா? இல்ல... செத்தவராவே இருந்துக்கறீங்களா?"

ஏகநாதன் விலங்கைப் பார்த்தார். ஜீப்பில் திரும்பி வந்திருந்த மாரிச்சாமியைப் பார்த்தார்.

"செத்தவனாவே இருந்துக்கறேனுங்க."

மணி மூன்று.

கோயமுத்தூர் ஆட்கள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். கொழுந்து லெவன் ஓனர் வேணி, தன் அணியின் கேப்டன் வேணியோடு கலந்து பேசி, கோலில் வேணியையே நிறுத்தினாள். நெட்டில் சாஸ் வாசம் இன்னும் போகவில்லை.

கேட்டில் ஒரு தகராறு.

"என்ன அநியாயம்ங்க இது! நான் ஆரம்பிச்ச கிளப்! நான் பார்க்க டிக்கெட்டா?" ஏகநாதன்தான். "அதுவும் நான் செத்தவன்னு நீங்களே சொன்னீங்க! பொணத்துக்கு எதுக்குங்க டிக்கெட்?"

நல்லசிவம் ஒரு நிமிஷம் கண்ணை மூடி எல்லா ரூலையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

"செத்தவங்களுக்கு இலவசம்னு எந்த ரூலும் இல்லீங்க. பத்து ரூபா."

"பாக்கெட்டுல காசு இல்லீங்களே! வேணுமுன்னா மேட்ச் முடிஞ்சதும்..."

சுலோச்சனா அவசரமாகக் குறுக்கே கை நீட்டினாள்.

"அது மட்டும் வேண்டாமுங்க கங்காணி! கடன் சொல்லாதீங்க... செத்தவங்ககிட்ட வசூல் பண்றது ரொம்பக் கஷ்டம்!"